வாசகர் கேள்வி – பதில்: ஒழிந்த அரியணைக்கு ஓயாத வழக்கு

சென்ற இதழில் பிரான்சின் அதிபர் தேர்தல் முறை பற்றி வெளியான கட்டுரையில், அந்நாட்டின் அரியணைக்கு உரிமை கோருவோர் இன்றும் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். கட்டுரையின் மையப் பொருளை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றியே பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

இல்லாத அரியணைக்கு உரிமை கோருவோர் யார் யார்? எத்தனை பேர்? (மதுரை வாசகர்)

மூன்று பேர். முதலாமவர் லூயி அல்போன்ஸ் த பூர்போன். 1974இல் மாட்ரிட் நகரில் பிறந்தவர். பதினான்காம் லூயியின் பேரனும் ஸ்பெயினின் அரசராக ஆனவருமான ஐந்தாம் பிலிப்பின் நேர் ஆண்வழி வாரிசு. தாய்வழியில் இவர் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் கொள்ளுப்பேரன் என்பதை இவருடைய ஆதரவாளர்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. இரண்டாமவர் பாரிஸ் கோமகன் என்ற பட்டத்தைத் தாங்கியிருக்கும் ஜான் த ஓர்லேயான். 1965இல் பிறந்த இவர், பதினான்காம் லூயியின் தம்பி வழியில் வந்தவர். மூன்றாமவர் 1986இல் பிறந்த ஜான் கிறிஸ்தோப் நெப்போலியன். மாவீரன் நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோமின் வழித்தோன்றலான இவர் நிதித்துறையில் வேலை பார்ப்பவர்.

முதல் இருவரையும் அவரவர் ஆதரவாளர்கள் முறையே "இருபதாம் லூயி" என்றும் "நான்காம் ஜான்" என்றும் அழைக்கிறார்கள். இந்த எண்களுக்குள்ளேயே வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறையில் பத்து வயதில் இறந்துபோன, ஒரு நாளும் ஆளாத சிறுவனைப் பதினேழாம் லூயி என்றும், 1830 ஆகஸ்ட் 2 அன்று தந்தை முடிதுறந்து கையெழுத்திட்டதற்கும் தாமே துறந்து கையெழுத்திட்டதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களுக்கு மட்டும் அரசராக இருந்தவரைப் பத்தொன்பதாம் லூயி என்றும் எண்ணினால்தான் இருபது வரும். அவ்வாறே, 1316இல் பிறந்து ஐந்தே நாளில் இறந்த குழந்தை முதலாம் ஜான். மூன்றாம் ஜான் என்று எண்ணப்படுபவரோ 1940இல் காலமான ஓர்லேயான் குடும்பத்தின் உரிமை கோரிகளில் ஒருவர். ஆட்சியே இல்லாத காலத்திலும் எண் வரிசை மட்டும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

மூத்த கிளை எது, இளைய கிளை எது என்பதை வம்சாவளியைப் பார்த்தாலே சொல்லிவிடலாமே. இதில் வழக்கு எங்கிருந்து வந்தது? (திருச்சிராப்பள்ளி வாசகி)

வம்சாவளியில் வழக்கே இல்லை. பிரான்சை ஆண்ட பூர்போன் குடும்பத்தில் ஆண்வழியில் இன்று மூத்தவர் லூயி அல்போன்ஸ்தான் என்பதை ஓர்லேயான் தரப்பும் மறுப்பதில்லை. வழக்கு, 1712ஆம் ஆண்டு நவம்பரில் மாட்ரிட் நகரில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தைப் பற்றியது.

ஸ்பெயினின் அரசர் இரண்டாம் சார்லஸ் 1700 நவம்பர் முதல் நாளில் பிள்ளையில்லாமல் இறந்தபோது, பதினான்காம் லூயியின் இரண்டாம் பேரனும் பதினாறு வயதினருமான ஆஞ்சு கோமகன் பிலிப்புக்கு நாட்டை உயில் எழுதி வைத்திருந்தார். பேரன் ஸ்பெயினுக்குப் புறப்பட்ட அதே டிசம்பரில், அவன் வெளிநாட்டில் ஆண்டாலும் பிரான்சின் அரியணைக்கான அவனது உரிமை அழியாது என்று தாத்தா ஓர் அரசாணையும் பிறப்பித்தார். இரு நாடுகளும் ஒரே தலையின் கீழ் வந்துவிடுமோ என்று அஞ்சிய இங்கிலாந்தும் ஹாலந்தும் ஆஸ்திரியாவும் போருக்கு எழுந்தன. அந்த அச்சம் வெறும் கற்பனையாகவே முடிந்திருக்கக்கூடும். ஆனால் 1711 ஏப்ரலில் லூயியின் மகன் பெரியம்மையில் இறந்தார். 1712 பிப்ரவரியில் மூத்த பேரனும் அவர் மனைவியும் தட்டம்மையில் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஐந்து வயது மகனும் இறந்தான். பதினோரு மாதங்களுக்குள் மூன்று பட்டத்து இளவரசர்களை இழந்த அரண்மனையில், வாரிசு வரிசையில் பிலிப்புக்கு முன்னே மிஞ்சியது இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுதான். அண்ணனை நரம்பு கீறி இரத்தம் வடித்தே மருத்துவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று கருதிய செவிலித்தாய் மதாம் த வாந்தாதூர், இந்தக் குழந்தையை அவர்கள் கையில் கொடுக்க மறுத்துத் தாமே தனி அறையில் வைத்துக் காப்பாற்றினார். அந்தக் குழந்தையின் உயிர் போயிருந்தால் ஸ்பெயின் அரசரே பிரான்சின் அரசர்.

எனவே சமாதானப் பேச்சில் இங்கிலாந்து முன்வைத்த முதல் நிபந்தனை, பிலிப் தம் பிரெஞ்சு உரிமையைத் துறக்க வேண்டும் என்பது. அதற்கு பிரான்சின் வெளியுறவு அமைச்சர் தோர்சி அனுப்பிய பதில்தான் இந்த வழக்கின் ஆணிவேர். எங்கள் வாரிசு முறை எந்த அரசரும் இயற்றியதன்று, அதைக் கடவுள் ஒருவரே மாற்ற முடியும், ஆகையால் எழுதி வாங்கும் துறவு செல்லாது என்று அவரே முன்கூட்டி எச்சரித்தார். பிரான்சில் நீங்கள் அப்படி நம்பலாம், ஓர் இளவரசர் தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கலாம் என்று நாங்கள் நம்புவதற்கு இடம் கொடுங்கள் என்பது இங்கிலாந்தின் அமைச்சர் போலிங்புரோக் அளித்த மறுமொழியின் சாரம். முடிவில் பிலிப் எழுதிக் கொடுத்தார்; 1713 மார்ச்சில் பாரிஸின் உயர் நீதிமன்றமான பார்லமான் அதைப் பதிவு செய்தது; ஏப்ரலில் உத்ரெக்ட் உடன்படிக்கை கையெழுத்தானது. செல்லாது என்று எழுதியவரின் அரசே செல்லும் என்று கையெழுத்திட்டது.

குழந்தை பிழைத்துப் பதினைந்தாம் லூயியாகி 1774 வரை ஆண்டதால், அந்த ஆவணம் சோதனைக்கு வராமலே கிடந்தது.

பத்திரம் எழுதப்பட்டு, பதிவும் ஆகி, நாடுகளுக்கிடையே ஒப்பந்தமாகவும் ஆன பிறகு அது செல்லாது என்று எப்படி வாதிட முடியும்? (வழக்கறிஞராக இருக்கும் கும்பகோணம் வாசகர்)

உங்கள் தொழிலுக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டே சொல்கிறோம். பங்காளிகளில் ஒருவர் தம் பாகத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்துவிட்டால், அதற்குப் பின் அவர் மக்கள் வந்து கேட்க முடியாது. ஏனென்றால் அது சொத்து. சொத்தை வைத்திருப்பவர் அதை விடவும் செய்யலாம். ஆனால் பிரான்சின் பழைய சட்ட மரபில் மகுடம் சொத்தாகவே கருதப்படவில்லை. அரசர் அதற்கு உரிமையாளர் அல்லர், அதை வகிப்பவர் மட்டுமே. விற்கவும், உயில் எழுதவும், பறிக்கவும், துறக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை.

இந்தக் கொள்கை ஏட்டளவில் பிறந்ததும் அன்று. 1420இல் த்ருவா உடன்படிக்கையின்படி, மனநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஆறாம் சார்லஸ் தம் சொந்த மகனை விலக்கிவிட்டு இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றிக்கு நாட்டைக் கொடுத்தார். தம்முடையதல்லாத ஒன்றை அரசர் எப்படிக் கொடுக்கலாம் என்று அக்காலச் சட்ட அறிஞர்கள் எதிர்த்தார்கள். விலக்கப்பட்ட மகன் ஏழாம் சார்லஸாக முடிசூடினார். 1589இலும், புராட்டஸ்டன்ட் சமயத்தவர் என்று பெரும் எதிர்ப்பு இருந்தபோதும், எங்கோ தொலைவில் கிளை பிரிந்த தாயாதியான நான்காம் ஆன்ரிக்கே வாரிசுரிமை போயிற்று. அவர் 1593இல் கத்தோலிக்கராக மாறித்தான் அதை நிலைநிறுத்திக்கொள்ள முடிந்தது. அரசரின் விருப்பம் அல்ல, வரிசைதான் வாரிசைத் தீர்மானிக்கிறது என்பது மூத்த கிளையினரின் வாதம். இவர்களைப் பிரெஞ்சு அரசியலில் லெஜித்திமிஸ்டுகள், அதாவது முறைமைவாதிகள் என்பார்கள்.

ஓர்லேயான் தரப்பிடம் இதற்கு நல்ல பதில்கள் உண்டு. த்ருவாவில் தந்தை மகனுடைய உரிமையைப் பறித்தார், மாட்ரிட்டில் பிலிப் தம் உரிமையைத் தாமே விட்டார், இரண்டும் ஒன்றல்ல என்பது ஒன்று. வெளிநாட்டில் குடியேறி வேற்று நாட்டு அரச குடும்பமாகவே ஆகிவிட்டவர்கள் பிரான்சுக்கு அந்நியர், அந்நியருக்கு வாரிசுரிமை இல்லை என்பது மற்றொன்று. 1791ஆம் ஆண்டு அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த இரு தரப்பையும் நன்கு அறிந்திருந்தார்கள். அரியணை ஆண்வழி மூத்தவருக்கே என்று விதித்துவிட்டு, "இப்போது ஆளும் வம்சத்தில் நிகழ்ந்த துறவுகளின் விளைவைப் பற்றி எதுவும் முன்கூட்டித் தீர்மானிக்கப்படவில்லை" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தார்கள். தீர்ப்பை எதிர்காலத்துக்குத் தள்ளிவைப்பதற்கென்றே எழுதப்பட்ட அரசியலமைப்பு வாக்கியம் இதைப்போல் இன்னொன்று இருக்குமா என்பது ஐயமே.

எங்கள் கருத்தைக் கேட்டால், புரட்சிக்கு முந்திய சட்டத்தை மட்டும் வைத்துப் பார்க்கையில் மூத்த கிளையின் வாதமே வலுவானது. தோர்சியின் கடிதம் ஒன்றே போதும். உடன்படிக்கையைச் செய்துகொண்ட அரசே அதன் குறையை அறிந்திருந்தது. ஆனால் அந்தச் சட்டமே 1789க்குப் பிறகு இல்லை. அதன்பின் வந்த நூறாண்டுகளில் யாரை நாடு ஏற்றுக்கொண்டது என்று பார்த்தால், ஓர்லேயான் பக்கம் தராசு சாய்கிறது.

1871இல் பிரான்சின் தேசிய அவையில் மன்னராட்சியை விரும்பியவர்களே பெரும்பான்மையாக இருந்தும், ஒரு கொடியின் நிறத்துக்காக அரசர் வராமல் போனார் என்று படித்தேன். இது உண்மையா? (சேலம் வாசகர்)

உண்மைதான். ஆனால் பிடிவாதக்காரர் ஒருவரின் கதையாக மட்டும் அதைச் சொல்லிவிடக் கூடாது.

1820 பிப்ரவரியில் பெரி கோமகன் ஓபரா அரங்கின் வாயிலில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அரச குடும்பத்தின் மூத்த கிளை அத்துடன் அற்றுப்போகும் என்று எல்லோரும் எண்ணியிருக்க, ஏழு மாதம் கழித்து அவருடைய மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. "அற்புதக் குழந்தை" என்று கொண்டாடப்பட்ட அந்தச் சிறுவனுக்கு, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி ஷம்போர் கோட்டையை வாங்கிக் கொடுத்தார்கள். ஷம்போர் கோமகன் என்ற பெயர் அப்படி வந்தது. 1830 புரட்சியில் தாத்தா பத்தாம் சார்லஸ் இந்த ஒன்பது வயதுப் பேரனுக்காக முடி துறந்தார். பேரனை அரசனாக அறிவிக்க வேண்டிய பொறுப்பில் இருந்த ஓர்லேயான் கோமகன் லூயி பிலிப், அதைச் செய்யாமல் தாமே முடிசூடிக்கொண்டார். இவருடைய தந்தைதான் 1793இல் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிக்க வாக்களித்தவர். ஆகவே இரு கிளைகளுக்கும் இடையே ஓடியது வெறும் சட்டக் கருத்து வேறுபாடு அன்று, இரத்தப் பகை.

லூயி பிலிப் 1848இல் வீழ்ந்தார். பின்னர் பேரரசரான மூன்றாம் நெப்போலியன் 1870இல் பிரஷ்யாவிடம் தோற்றுச் சிறைப்பட்டார். 1871 பிப்ரவரித் தேர்தலில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் ஏறத்தாழ 400 பேர் மன்னராட்சியினர். பகைக்கும் ஒரு தீர்வு கிடைத்தது: ஷம்போருக்குப் பிள்ளை இல்லை, எனவே அவர் ஐந்தாம் ஆன்ரியாக ஆளட்டும், அவருக்குப் பின் ஓர்லேயான் குடும்பம் வரட்டும். 1873 ஆகஸ்டில் லூயி பிலிப்பின் பேரனான பாரிஸ் கோமகன் ஆஸ்திரியாவிலிருந்த புரோஸ்டார்ப் மாளிகைக்கே சென்று, ஷம்போரைக் குடும்பத் தலைவராக ஏற்றுக்கொண்டார். பாரிஸ் நகருக்குள் ஊர்வலம் வருவதற்கான வண்டிகளைப் பிந்தேர் என்ற தொழிலகம் செய்துகொடுத்தது. ஒருமுறையும் வீதியில் ஓடாத அந்த வண்டிகளை ஷம்போர் கோட்டையில் இன்றும் பார்க்கலாம்.

கொடியில்தான் எல்லாம் நின்றது. புரட்சியின் மூவண்ணக் கொடியைத் தம்மால் ஏற்க முடியாது, நான்காம் ஆன்ரியின் வெண்கொடியைக் கைவிட மாட்டேன் என்று அவர் 1871 ஜூலையிலேயே அறிக்கை விட்டிருந்தார். தம் தொட்டிலின் மேல் பறந்த அந்தக் கொடி தம் கல்லறைக்கும் நிழல் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். 1873 அக்டோபரிலும் அதையே கடிதமாக எழுதினார். பெரும்பான்மை கலைந்தது. நவம்பரில் யாருக்கும் தெரியாமல் வெர்சாய் நகருக்கு வந்து, ஆதரவாளர் ஒருவரின் வீட்டில் தங்கி, அப்போதைய அதிபர் மார்ஷல் மக்மஓனைச் சந்திக்கக் கேட்டார். மன்னராட்சியில் பற்றுள்ள மக்மஓனே மறுத்துவிட்டார்.

இதை மடமை என்று சொன்னவர்கள் அவர் கட்சியிலேயே ஏராளம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவை விரும்பியது தான் நியமிக்கும் ஓர் அரசரை. ஷம்போர் தம்மை அவை நியமிப்பதாகவே கருதவில்லை, பிறப்பினாலேயே தாம் அரசர் என்று கருதினார். மூவண்ணக் கொடியை ஏற்றிருந்தால் அவர் இன்னொரு லூயி பிலிப் ஆகியிருப்பார். அவருடைய கொள்கைப்படி அது அரியணையை இழப்பதைவிட மோசமானது.

ஷம்போர் இறக்கும் வரை பொறுத்திருந்து பாரிஸ் கோமகனை அமர்த்தலாம் என்ற கணக்கில், அவை மக்மஓனின் பதவிக் காலத்தை ஏழு ஆண்டுகள் என்று நிர்ணயித்தது. ஷம்போரோ பத்தாண்டுகள் உயிரோடிருந்தார். இதற்கிடையே 1875 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்த திருத்தம் 353க்கு 352 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது. அரசருக்காக இடம்பிடித்து வைத்த அந்த ஏழாண்டுக் காலம் பிரெஞ்சு அதிபர்களின் பதவிக்காலமாகவே நிலைத்து, 2000ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்பில்தான் ஐந்தாண்டாகக் குறைந்தது. சென்ற இதழ்க் கட்டுரைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அதுதான்.

ஷம்போர் இறந்த பிறகாவது இரு தரப்பும் ஒன்றாயிற்றா? (காரைக்கால் வாசகி)

ஆகவில்லை. 1883 ஆகஸ்ட் 24 அன்று அவர் காலமானார். கோரிட்ஸியாவில் நடந்த இறுதிச் சடங்கில் முதல் துக்கக்காரர்களாக யார் நடப்பது என்ற கேள்வி எழுந்தபோது, ஓர்லேயான் குடும்பத்தை வெறுத்த அவருடைய மனைவி தம் கணவருடைய நெருங்கிய உறவினரான பிற பூர்போன்களை முன்னிறுத்தினார். முதலிடம் மறுக்கப்பட்ட பாரிஸ் கோமகன் சடங்கில் கலந்துகொள்ளாமலே திரும்பினார். பெரும்பாலான மன்னராட்சியினர் அவரையே அடுத்த அரசராக ஏற்றுக்கொள்ள, ஒரு சிறு குழு மட்டும் ஸ்பெயின் கிளைக்குச் சென்றது. அந்தக் குழுவின் இன்றைய நாயகர்தான் லூயி அல்போன்ஸ்.

ஓர்லேயான் குடும்பத்துக்கும் அது நல்ல காலமாக அமையவில்லை. 1886 மே மாதத்தில் பாரிஸ் கோமகன் தம் மகள் அமேலிக்கும் போர்த்துகல் பட்டத்து இளவரசருக்கும் நிச்சயமான திருமணத்தை முன்னிட்டு, பாரிஸில் ஒரு மாளிகையில் பெரும் வரவேற்பு வைத்தார். தூதர்கள் உள்பட ஊரே திரண்டு வந்தது. வருகிற அரசவையின் ஒத்திகைபோல் இருந்த அந்த விருந்தைக் கண்டு குடியரசினர் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே, ஆண்ட வம்சங்களின் தலைவர்களும் அவர்களுடைய மூத்த வாரிசுகளும் நாட்டில் வசிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1950 வரை அது நீடித்தது. விருந்து நடந்த மாளிகை இன்று பிரான்சின் பிரதமர் அலுவலகமான மத்தினியோன்.

நீதிமன்றம் இதில் தலையிட்டதுண்டா? (புதுச்சேரி வாசகர்)

உண்டு. லூயி அல்போன்ஸின் தந்தை அல்போன்ஸ் "ஆஞ்சு கோமகன்" என்ற பட்டத்தையும், நீலத்தில் மூன்று பொன் லில்லி மலர்கள் கொண்ட பிரான்சின் குலச்சின்னத்தை மாற்றமின்றியும் பயன்படுத்தி வந்தார். ஓர்லேயான் குடும்பத்தின் சின்னத்திலும் அதே மூன்று மலர்கள்தாம். ஆனால் இளைய கிளைக்கு அடையாளமாக மேலே வெள்ளிப் பட்டை ஒன்று உண்டு. அந்தப் பட்டையில்லாத சின்னம் குடும்பத் தலைவருக்கு மட்டுமே உரியது, ஆகவே தம் குடும்பத்துக்கே உரியது என்று ஓர்லேயான் குடும்பத் தலைவரின் மூத்த மகன் ஆன்ரி பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

1988 டிசம்பர் 21 அன்று வழக்கு தள்ளுபடியானது. ஒழிந்துபோன ஓர் அரச வம்சத்துக்குள் எழுந்த போட்டியைத் தீர்த்துவைப்பது குடியரசின் நீதிமன்றத்துக்கு உரிய வேலை அன்று என்று நீதிபதிகள் கருதினார்கள். ஸ்பெயின் கிளையினர் நூறாண்டுக்கும் மேலாக அந்தச் சின்னத்தை வெளிப்படையாகவே தாங்கி வந்ததையும், பட்டையோடு கூடிய சின்னமே தமது என்று ஓர்லேயான் குடும்பம் வழிவழியாகக் காட்டி வந்ததையும் சுட்டிக்காட்டினார்கள். அதாவது 1712ஆம் ஆண்டு ஆவணத்தைத் தொடாமலே வழக்கை முடித்தார்கள். அடுத்த மாதம், 1989 ஜனவரி 30 அன்று, அமெரிக்காவின் கொலராடோவில் பனிச்சறுக்கின்போது குறுக்கே கிடந்த எஃகு வடத்தில் மோதி அல்போன்ஸ் இறந்துபோனார். பதினான்கு வயது மகன் உரிமை கோரியானார். மேல்முறையீடும் அதே ஆண்டு நவம்பரில் தோற்றது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். குடியரசு என்ற ஆட்சிவடிவத்தைத் திருத்தத்துக்கு உட்படுத்தக் கூடாது என்று 1884இல் கொண்டுவரப்பட்ட விதி, இன்றைய அரசியலமைப்பின் 89ஆம் பிரிவிலும் இருக்கிறது.

நெப்போலியன் குடும்பத்துக்குள்ளும் தகராறு உண்டு என்கிறார்களே? (கோயம்புத்தூர் வாசகர்)

உண்டு. அதுவும் உயிலால் வந்த தகராறு. மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் பிரிட்டிஷ் படையோடு தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது, 1879 ஜூன் முதல் நாளில் ஜூலு வீரர்களிடம் சிக்கினார். மிரண்டு ஓடிய குதிரையின் சேணப் பையைப் பற்றி ஏறமுயன்றபோது தோல்வார் அறுந்தது. கீழே விழுந்தவர் ஈட்டிகளுக்கு இரையானார். அவருக்கு வயது இருபத்து மூன்று. அடுத்த வாரிசாக வரவேண்டிய சித்தப்பா முறையினரான இளவரசர் நெப்போலியன் சமய எதிர்ப்பாளர், கட்சியினருக்குப் பிடிக்காதவர். ஆகவே அவரைத் தாண்டி அவருடைய மகன் விக்டரைத் தம் வாரிசாக இளைஞர் உயிலில் எழுதியிருந்தார். தந்தையும் மகனும் அரசியல் எதிரிகளானார்கள். 1891இல் ரோமில் இறந்த தந்தை, தம் உயிலில் விக்டரை ஒதுக்கி இளைய மகனை வாரிசாக்கிப் பழிதீர்த்துக்கொண்டார். கட்சி அதைப் பொருட்படுத்தவில்லை.

நூறாண்டு கழித்து அதே கதை நடந்தது. விக்டரின் மகன் லூயி 1997இல் இறந்தபோது, குடியரசில் நம்பிக்கை உள்ளவரும் மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவருமான மகன் சார்லஸைத் தாண்டிப் பேரன் ஜான் கிறிஸ்தோப்பை உயிலில் வாரிசாக்கியிருந்தார். அப்போது பேரனுக்குப் பத்து வயது. முன்னதைப்போல் பகை முற்றவில்லை. 2019இல் அந்தப் பேரன் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசருடைய கொள்ளுப்பேத்தியைப் பாரிஸின் அன்வலீத் தேவாலயத்தில் மணந்தார்.

மகுடத்தை உயிலால் மாற்ற முடியாது என்ற மூத்த பூர்போன்களின் வாதத்தை இங்கே எழுப்ப முடியாது. நெப்போலியனின் போனபார்ட் வம்சமே சட்டத்தாலும் மக்கள் வாக்கெடுப்பாலும் உருவாக்கப்பட்டதுதான். ஆனால் அரியணையில் அமராத ஒருவரின் உயிலுக்கு என்ன வலிமை என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

போபாலில் ஒரு பூர்போன் குடும்பம் பிரெஞ்சு அரியணைக்கே மூத்த வாரிசு என்று முன்பு செய்தி வந்தது. அது என்னவாயிற்று? (நாகர்கோவில் வாசகர்)

2007இல் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் வந்த செய்தி அது. அக்பர் காலத்தில் இந்தியா வந்து சேர்ந்த ஒரு பூர்போனின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அக்குடும்பத்தின் மரபுச் செய்தி. அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போபால் அரசில் உயர்பதவிகளில் இருந்ததற்குச் சான்று உண்டு. ஆனால் அக்பர் அவைக்கு வந்தவர் பிரான்சின் எந்தப் பூர்போனுக்கு முறைப்படி பிறந்தவர் என்பதற்கு ஆவணச் சான்று கிடையாது. முறைப்படியான திருமணத்தில் பிறந்த ஆண்வழி என்பதுதான் பிரெஞ்சு வாரிசு முறையின் அடிப்படை. அது நிறுவப்படாத வரை மற்ற இரு பூர்போன்களோடு ஒப்பிட இடமில்லை.

பிரான்சில் மட்டும்தான் இப்படியா? (ஈரோடு வாசகி)

இத்தாலியிலும் உண்டு. 1946 ஜூன் மாதப் பொதுவாக்கெடுப்பில் மன்னராட்சி ஒழிந்த பின், கடைசி அரசர் இரண்டாம் உம்பெர்த்தோவின் மகன் வித்தோரியோ இமானுவேலே தந்தையின் சம்மதமின்றி 1971இல் அரச குடும்பம் அல்லாத பெண்ணை மணந்தார். அதனால் அவர் உரிமை இழந்துவிட்டார் என்று சொல்லி, தாயாதியான ஆவோஸ்தா கோமகன் அமெதெயோ 2006இல் தம்மையே குடும்பத் தலைவராக அறிவித்துக்கொண்டார். அதற்கு ஈராண்டு முன்னரே, ஸ்பெயின் பட்டத்து இளவரசரின் திருமணத்தையொட்டி நடந்த விருந்தில், வித்தோரியோ இமானுவேலே இவரை முகத்தில் குத்திய செய்தி ஐரோப்பியப் பத்திரிகைகள் அனைத்திலும் வந்திருந்தது. இருவரும் இப்போது இல்லை. அமெதெயோ 2021இலும் மற்றவர் 2024இலும் காலமானார்கள். வழக்கு பிள்ளைகளிடம் தொடர்கிறது.

வித்தோரியோ இமானுவேலேயின் மகனுக்கு இரு பெண் குழந்தைகள் மட்டுமே. எனவே பெண்களும் வாரிசாகலாம் என்று, இத்தாலியை ஆண்ட சாவோய் வம்சத்தின் பழைய விதியை வித்தோரியோ இமானுவேலே மாற்றினார். 2020 தொடக்கத்தில் வெளியான இந்த அறிவிப்பை ஆவோஸ்தா தரப்பு ஏற்கவில்லை. ஆளாத ஒருவருக்கு ஆண்டவர்களின் சட்டத்தைத் திருத்த ஏது அதிகாரம் என்பது அவர்கள் கேட்கும் கேள்வி.